யார் கதையை யார் சொல்வது?

கண்டி மாநகரிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பெருஞ்சாலை கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, குன்றுகளினிடையே வளைந்தும் நெளிந்தும் செல்லும் வழியில் எமது கலகெதர அமைந்துள்ளது. மலைநாடும் தென்னை நாடும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் வாயில் என்று இவ்வூரைக் கூறலாம். கண்டியை மன்னர் ஆண்ட காலத்திலே, கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கும், மலைநாட்டுப் பாக்கைக் கரையோரத்துக்கும் பொதிமாடுகளில் ஏற்றிச் சென்ற தவளக்காரருக்கு இத்தகைய கணவாய்களே வழியாயின. அரசனது பொதிமாட்டுப் பகுதிக்கு 'மடிகே' என்று பெயர். அதிற் பணிபுரிந்தோருள் முஸ்லிம்கள் பலர். கலகெதரவை அடுத்து மடிகே என்ற பெயரோடு ஒரு முஸ்லிம் கிராமம் இன்றும் விளங்குகின்றது. உப்புப் பொதியோடு கதைப் பொதிகளும் இவ்வழியாக ஏறியும் இறங்கியும் இருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது.

கதைக்குப் பஞ்சமில்லாத நிலம் இது. முஸ்லிம் இல்லங்களிலே மூதாட்டியர் கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் இராகத்தோடு படிக்க, சிறுவர் சுற்றியிருந்து கேட்டனர். தோட்டப்புறங்களில் மாசி பிறந்தால் காமன் கூத்து. சிங்கள மக்களின் விகாரைகளிற் போயா நாட்களில் ஜாதகக் கதைகள். மொழியும் சமயமும் வேறாயினும் இம்மூன்றிலும் ஒரு பண்பு பொதுவாயிருந்தது. கதை சொல்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எவரேனும் முகஞ் சுளித்தால் கதை சற்றே திரும்பும். எவரேனும் கண் கலங்கினால் அவ்விடத்திற் சற்றே நிற்கும். அச்சு யந்திரம் வந்த பின்னர் சொல்பவர் ஓரிடத்திலும் கேட்பவர் வேறிடத்திலுமாயினர். கதையிலே வருகின்ற மனிதரோ இவ்விருவரும் அறியாத மூன்றாமிடத்தில் இருந்தனர்.

ஈழத்துத் தமிழில் 'கதைத்தல்' என்றால் உரையாடுதல் என்பது பொருள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. எமக்கோ இச்சொல் மிகவும் பிடித்தமானது. எதிரே ஒருவர் இல்லாமற் கதைக்க இயலாது என்ற நுண்பொருள் இதனுள் அடங்கியிருக்கின்றது. தனியே இருந்து கதைப்பவனைப் பற்றி ஊரார் என்ன சொல்வார்கள் என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

ஞாயிறு மாலைகளில் எமது வீட்டு விறாந்தையிலே உயர்தர வகுப்பு மாணவர் சிலர் கூடி நூல்களைப் படிப்பது சில ஆண்டுகளாக நடைபெற்று வரும் வழக்கம். 'கதையைப் படித்து இன்புறுவது போதாதா, அதனை ஆராய்வதற்கென்று ஒரு துறையும் வேண்டுமா?' என்று அவர்கள் கேட்பதுண்டு. அப்படியொரு துறை இருக்கின்றது. எடுத்துரைப்பியல் என்று இப்போது அதனை வழங்குவர். கதையைச் சொல்பவர் யார், யாரை நோக்கிச் சொல்கிறார், எவ்விடத்தில் நின்று பார்க்கிறார், எதனை முன்னே வைத்து எதனைப் பின்னே மறைக்கிறார் என்பனவெல்லாம் அதன் வினாக்கள். இவை வெறும் தொழில் நுட்பம் பற்றியவை போலத் தோன்றும். ஆனால், சொல்லப்படுகின்ற மனிதனுக்குச் சொல்பவன் நீதி செய்கிறானா என்ற பழைய வினா ஒவ்வொன்றின் அடியிலும் கிடக்கின்றது. இதனை விளக்க நாம் அயல்நாடு செல்வதில்லை. பேராதனை வரைக்குமே செல்வோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம் பெயரத் தொடங்கியது 1952ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டில் அங்கே மாணவராகச் சேர்ந்தவர்களுள் ஒருவர் க. கைலாசபதி. 1933இல் கோலாலம்பூரிற் பிறந்து, சிறுவயதிலே யாழ்ப்பாணம் வந்து, பின்னர் கொழும்பிற் பயின்றவர். பேராதனையில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. சாசனத் தமிழையும் மொழியியலையும் துறைபோகக் கற்ற அப்பெருமகனார், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அப்படியே பாத்திரங்களின் வாயில் வைத்து நாடகங்கள் எழுதியவர். அவரது 'நானாடகம்' 1940இல் வெளிவந்தது. இலக்கணம் அறியாதவர் பேச்சு வழக்கை எழுதினால் 'வேறு வழி தெரியாமல் எழுதுகிறார்' என்று ஒதுக்கிவிடலாம். பேராசிரியரே எழுதினால் என் செய்வது? மாணவர் கைலாசபதியின் மனத்திலே இது ஆழப் பதிந்திருக்கும் என்பது எமது எண்ணம்.

பட்டம் பெற்றதும் அவர் பத்திரிகைத் தொழிலிற் புகுந்தார். 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராயிருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதும் ஆகவில்லை. ஞாயிறு இதழின் பக்கங்களில் யாருடைய கதைக்கு இடம் கொடுப்பது என்ற வினாவை வாரந்தோறும் சந்திக்க வேண்டிய ஆசனம் அது. கொள்கையளவிற் பேசுவோர் பலர்; தபாலில் வந்த கையெழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதனைப் போடுவதா, திருப்பியனுப்புவதா' என்று முடிவு செய்வோர் சிலரே. ஈழத்து வாழ்க்கையை ஈழத்து எழுத்தாளர் எழுத வேண்டும் என்ற குரல் வலுப்பெற்ற காலம் அது. புதியவர்களுக்கு அவர் வாயில் திறந்தார். ஆராய்ச்சியாளருக்கு இத்தகைய பயிற்சி எளிதில் வாய்ப்பதில்லை.

அக்காலத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தை மூத்த வாசகர் நினைவு கூர்வர். தாழ்த்தப்பட்ட மக்கள் சிலர் தம் வாழ்க்கையைத் தாமே சிறுகதைகளாக எழுதத் தலைப்பட்டிருந்தனர். யாழ்ப்பாண நகரில் சிகையலங்கார நிலையம் நடத்திய டொமினிக் ஜீவா 1960இல் 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற தொகுதியை வெளியிட்டு, சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றார். கே. டானியல் எழுதிக்கொண்டிருந்தார், அவரது 'பஞ்சமர்' பின்னர் 1972இல் வந்தது. இத்தகையோரின் கதைகளிலே பேச்சு வழக்கு மிகுந்திருந்தது. பண்டித மரபினர் சிலர் இதனை 'இழிசனர் வழக்கு' என்று கடிந்தனர். தமிழின் தூய்மை கெடும் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சத்தை முற்றாகப் பழித்தல் நேர்மையன்று. தமிழைக் காப்பதற்கென்றே வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். ஆயினும், ஒருவனுடைய துன்பத்தை நாம் ஏற்போம், அவன் சொல்லை ஏற்கமாட்டோம் என்பது, விருந்தினனை அழைத்துவிட்டு வாயிற்படியில் நிறுத்துவது போன்றதன்றோ? கைலாசபதியும் அவரது நண்பர் கா. சிவத்தம்பியும் எதிர்த்தரப்பில் நின்று வாதிட்டனர். மரபு என்பது காலந்தோறும் வளர்வது, மக்கள் வழக்கிலிருந்து பிறப்பது என்பது அவர்கள் கட்சி.

1961இல் கைலாசபதி பேராதனைக்கு விரிவுரையாளராகத் திரும்பினார். சில ஆண்டுகளில் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவரை வழிநடத்தியவர் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியர். இவரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் நம் மாணவர் பலர் இவர் பெயரைக் கைலாசபதியின் நூலின் முன்னுரையிற் கண்டதோடு நின்றுவிடுகின்றனர்.

தொம்சன் இளைஞராயிருந்தபோது, 1923இல், அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் என்ற சிறு தீவிற்குச் சென்றார். மீன் பிடித்தும் ஆடு வளர்த்தும் வாழ்ந்த ஏழை மக்கள், ஐரிஷ் மொழியை நாள்முழுதும் பேசிக்கொண்டிருந்த தீவு அது. அம்மக்களிடம் மாணவராக அமர்ந்து அவர்கள் மொழியைக் கற்றார். மோரிஸ் ஓசலிவன் என்ற இளைஞர் அங்கே அவருக்கு நண்பரானார். தொம்சன் அத்தீவினரைப் பற்றித் தாமே ஒரு நூல் எழுதிப் பெயர் பெற்றிருக்கலாம். அவர் அதனை முந்திச் செய்யாமல், 'உன் கதையை நீயே எழுது' என்று நண்பரைத் தூண்டினார். தம் மொழியிலேயே, தம் மக்களுக்கென்றே அவ்விளைஞர் எழுதிய வாழ்க்கைக் கதை 1933இல் வெளிவந்தது. தொம்சன் இன்னொருவரோடு சேர்ந்து அதனை ஆங்கிலப்படுத்தினார். 'இருபது ஆண்டு வளர்ச்சி' என்று பொருள்படும் பெயர்கொண்ட அந்நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. தீவிலே எஞ்சியிருந்தோரை 1953இல் அரசு பெருநிலத்துக்குக் குடிபெயர்த்தது; இன்று அங்கே இடிந்த வீடுகள் உள. கதை மட்டும் அழியவில்லை. அதுவும், சொல்லப்பட்டவர்களுள் ஒருவரே சொன்ன கதை.

இத்தகைய ஆசிரியரிடம் கைலாசபதி எடுத்துக்கொண்ட பொருள் சங்க இலக்கியம். அமெரிக்க அறிஞர் மில்மன் பரி என்பவர் ஹோமரின் காவியங்கள் எழுத்தறியாப் பாடகர் மரபிற் பிறந்தவை என்று கருதி, அதற்குச் சான்று தேடி 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியாவின் பாடகர்களைப் பதிவு செய்தார். அவர் கண்டெடுத்த பெரும் பாடகர் அவ்தோ மெஜதோவிச் என்ற முஸ்லிம் கசாப்புக் கடைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அதுவரை கேட்டறியாத ஒரு பாட்டை இன்னொருவர் பாடுவதைக் கேட்டிருந்துவிட்டு, 'இதனை உம்மாற் பாட இயலுமா?' என்று வினவியபோது, உடனே பாடினார். கேட்டது 2,294 அடி; அவர் பாடியது 6,313 அடி. கதையின் மாந்தருக்கு உள்ளமும் உணர்வும் சேர்த்து வளர்த்துவிட்டார். பரி இளமையிலேயே மறைய, அவர் மாணவர் அல்பேட் லோர்ட் இவ்வாராய்ச்சியை 1960இல் நூலாக்கினார். திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் குறைபாடு அல்ல. பாடும்போதே ஆக்குகின்ற கலைஞனுக்கு அவை கைக்கருவிகள் என்பது அவர்கள் கண்ட உண்மை.

இவ்வொளியிலே சங்கப் பாடல்களை நோக்கிய கைலாசபதியின் ஆய்வு 'தமிழ் வீரயுகக் கவிதை' என்று பொருள்படும் ஆங்கில நூலாக 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. அச்செய்யுட்களின் வேரைப் பாணரின் வாய்மொழி மரபிலே அவர் கண்டார். எல்லா அறிஞரும் இதனை ஏற்றுக்கொண்டாரல்லர். சங்கப் புலவரின் நுட்பத்தை வாய்மொழிப் பாடகரின் நிலைக்கு இறக்கிவிட்டார் என்று வருந்தினோரும் உளர். எமக்கு வேறொன்று தோன்றுகின்றது. பாணர் குலம் பிற்காலத்தில் எத்துணைத் தாழ்வாக எண்ணப்பட்டது என்பதைத் திருப்பாணாழ்வார் கதையை அறிந்தோர் அறிவர். 'இழிசனர் வழக்கு' என்ற சொல்லோடு பத்திரிகையிலே போராடிய அதே மனிதர், தமிழின் மிகப் பழைய செல்வத்தின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்று, அங்கே யாழைத் தோளில் மாட்டிய ஒரு நாடோடியைக் கண்டார். இவ்விரண்டையும் ஒரு நூலிற் கோத்துப் பார்ப்பது எமது துணிபு.

அதே 1968இல் அவரது 'தமிழ் நாவல் இலக்கியம்' வெளிவந்தது. நாவல் என்பது கதையின் நீண்ட வடிவம் மாத்திரமன்று. அச்சும் உரைநடையும் புதிய மத்தியதர வகுப்பும் தனிமனிதன் என்ற எண்ணமும் கூடிய இடத்திலேதான் அது பிறக்க முடியும் என்பதை, தமிழிலே விரிவாக எடுத்துக் காட்டிய நூல் அது. கண்டி வாசகர் இவ்விடத்திற் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியில் வழக்கறிஞராய் வாழ்ந்த சித்திலெப்பை 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். கதை நிகழ்வதோ எகிப்து முதலிய தூர தேசங்களில்! முதல் ஈழத்துத் தமிழ் நாவலாசிரியருக்குக் கண்டித் தெருவைக் கதையாக்கத் தோன்றவில்லை. தன் வீட்டு முற்றமும் கதைக்கு உரியது என்ற துணிவு ஒரு சமுதாயத்துக்கு வருவதற்குச் சில தலைமுறைகள் செல்கின்றன.

1970இல் வந்த 'அடியும் முடியும்' என்ற நூலே எமது விறாந்தை மாணவர்களுக்கு மிகவும் விருப்பமானது. அகலிகை கதை காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்று அதிலே ஆராய்கிறார். வான்மீகத்தில் வந்திருப்பவன் இந்திரன் என்று அகலிகை அறிந்தே இசைகிறாள். பின் வந்தோர் அவளை அறியாதவளாக்கினர், கல்லாக்கினர், மன்னித்தனர். எமது காலத்துப் புதுமைப்பித்தன் 1943இல் 'சாப விமோசனம்' எழுதினார். சீதையை இராமன் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்டதும் அவரது அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். ஒரே பெண், ஒவ்வொரு காலத்திலும் அவளைப் பற்றிச் சொன்னோர் வேறு. சொன்னவரின் சமுதாயம் கற்பென்று எதனைக் கருதிற்று என்பதைக் கதையின் மாற்றங்களே காட்டிக்கொடுக்கின்றன. 'இவ்வளவு பேரும் சொன்னார்களே, அகலிகையை யாராவது கேட்டார்களா சேர்?' என்று ஒரு மாணவி வினவினாள். அன்று அதற்கு மேல் வாசிப்பு நடைபெறவில்லை, வாதமே நடைபெற்றது.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு திறனாய்வாளர் இவ்வினாவை வேறொரு வழியில் அணுகிக்கொண்டிருந்தார். வெய்ன் பூத் என்பது அவர் பெயர். 1961இல் வெளிவந்த அவரது முதற் பெருநூல், கதைசொல்லியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற ஆராய்ச்சியைத் தொடக்கி வைத்தது. அவர் கற்பித்த பல்கலைக்கழகத்தில் கறுப்பின விரிவுரையாளர் ஒருவர், யாவரும் போற்றும் 'ஹக்கிள்பெரி பின்' நாவலைத் தம்மால் இனிக் கற்பிக்க இயலாது என்றும், அது தம் இனத்தாரைக் காட்டும் முறை தம்மைப் புண்படுத்துகிறது என்றும் கூறினார். உடனிருந்த வெள்ளை ஆசிரியர்கள், 'இவருக்குக் கலை விளங்கவில்லை' என்று எண்ணிக்கொண்டனராம். பூத்தும் அவர்களுள் ஒருவர். ஆனால் அச்சொல் அவரை விடவில்லை. ஏறக்குறையக் கால் நூற்றாண்டு கழித்து, 1988இல், புனைகதையின் அறம் பற்றி அவர் எழுதிய பெருநூல் அந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றது. நூல்களை நண்பர்களாகக் கொண்டு, இவருடன் கூடியிருந்த வேளையில் நாம் எத்தகையவராயிருந்தோம் என்று கேட்கச் சொல்கிறார் அவர். நட்பாராய்தலை ஓர் அதிகாரமாகவே படித்து வளர்ந்த தமிழ் மாணவருக்கு இது புதிதன்று.

கைலாசபதியின் அளவுகோலிற் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. சமுதாயப் பயன் என்ற ஒரு தராசிலே எல்லாவற்றையும் நிறுத்தார் என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. மு. தளையசிங்கம் ஈழத்திலிருந்தே மறுத்தெழுதினார். தமிழ்நாட்டில் வெங்கட் சாமிநாதன் நாவல் நூலைக் கடுமையாகத் தாக்கினார், அதற்கு எம். ஏ. நுஃமான் நீண்டதொரு மறுமொழி எழுதினார். பின்னாளில் நுஃமான் பேராதனையிலேயே பேராசிரியராக விளங்கியதும் ஒரு பொருத்தம்தான். உள்முகமாகவும் மௌனமாகவும் எழுதிய படைப்பாளிகளுக்குக் கைலாசபதியின் தராசு போதிய நிறை காட்டவில்லை என்பதே எமது முடிபும். ஆயினும் அவரோடு மாறுபட்டவர் எவரும் அவரைப் படியாமல் மாறுபட முடியவில்லை. 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதலாவது தலைவரானார். 1982 டிசெம்பரில், ஐம்பது வயது நிறையுமுன்னரே மறைந்தார்.

இனி எமது விறாந்தைக்கு வருவோம்.

அகலிகையைப் பற்றி வினவினாளே, அம்மாணவியின் அம்மாயி இப்பகுதி இறப்பர்த் தோட்டமொன்றிலே பால் வெட்டி வாழ்ந்தவர். 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரிக்கப்பட்டதை வாசகர் அறிவர். எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னுக்கு ஒத்திவைக்கப்பட்டது. எழுபதுகளில் அம்மூதாட்டியின் அண்ணன் குடும்பம் தலைமன்னார் வழியாக இராமேசுவரம் சென்றது. இவர் இங்கேயே தங்கினார். அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'.

கட்டுரைப் போட்டியொன்றுக்காகப் பேத்தி இக்கதையைக் கேட்டு எழுதினாள். பொறுப்பாயிருந்த ஒருவர் முதற்பிரதியைச் சிவப்பு மையாற் திருத்திக் கொடுத்தார். 'கோச்சி' புகையிரதமாயிற்று. 'அண்ணென்' மூத்த சகோதரரானார். 'பால் வெட்டுனோம்' என்பது, 'இறப்பர்ப் பால் சேகரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தோம்' என்றாயிற்று. இலக்கணப் பிழை ஒன்றுகூட எஞ்சவில்லை. அதனை அவள் வீட்டில் வாசித்துக் காட்ட, மூதாட்டி கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "நல்லாத்தான் இருக்கு. யாரு அந்தப் பொம்பள?"

மாணவி எம்மிடம் வந்தாள். மொழி பற்றிய ஐயம் தீர நெடுநேரமாகவில்லை. அறுபதாண்டுகளுக்கு முன்னரே பேராதனையில் அதற்கு மறுமொழி கூறியாயிற்று, என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' போன்ற மலையகத் தொகுதிகளை எடுத்து மேசையில் வைத்தோம். கடினமானது அதற்கப்பால் இருந்தது. கண்டிப் புகையிரத நிலையத்திலே, வண்டி புறப்படுமுன் அண்ணனுக்கும் தங்கைக்குமிடையில் ஒன்று நிகழ்ந்திருக்கின்றது. மூதாட்டி அதனைப் பேத்தியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "இத எழுதாத தாயி" என்றார்.

"அதுதான் சேர் கதையிலேயே முக்கியமான இடம். அது இல்லாட்டி அம்மாயி ஏன் போகல்லண்டே யாருக்கும் விளங்காது" என்றாள் மாணவி. அவள் சொன்னது முற்றிலும் சரி. அப்பகுதியை எடுத்துவிட்டால் கதை நொண்டும். கைலாசபதியின் நூல்கள் இவ்விடத்தில் எமக்கு எளிதிற் கைகொடுக்கவில்லை. மறைக்கப்பட்ட துன்பத்தை வெளியே கொண்டுவருதலே அவர் போற்றிய எழுத்தின் கடமை. நாட்டை விட்டு அனுப்பப்பட்ட மக்களின் துன்பம் இன்னும் முழுமையாகச் சொல்லப்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் வாய் திறக்க முடியாதவனுக்கு வாயாவது வேறு. வாய் திறந்து 'வேண்டாம்' என்றவரை மீறிச் சொல்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுதல் எமக்கு உடன்பாடன்று. மாணவியிடம் இதைக் கூறினோம். முடிவை அவளிடமே விட்டோம்.

பின்னர் ஒருநாள் நாமே அவ்வீட்டுக்குச் சென்று, தேநீர் அருந்தியவாறு மூதாட்டியிடம் காரணம் கேட்டோம். "அண்ணென் புள்ளைங்க அங்க நல்லா இருக்குதுங்க மாஸ்டர். அதுங்களுக்கு இது தெரியாது. பேப்பர்ல வந்திச்சின்னா எப்பிடியும் கைக்குப் போயிரும். செத்தவருக்குப் பதில் சொல்ல முடியாதில்லீங்களா?" என்றார். அறத்தைப் பற்றி எத்தனையோ நூல் படித்திருக்கிறோம். கதையிலே பேச இடமில்லாத மனிதனுக்காக இவ்வளவு தெளிவாக வாதாடியவரை அதற்கு முன் கண்டதில்லை. இக்கட்டுரையை எழுதவும் அவரிடம் இசைவு பெற்றோம். "பேரும் தோட்டமும் வேணாம்" என்றார். இரண்டும் இங்கே இல்லை.

மாணவி கட்டுரையை மூன்றாம் முறை எழுதினாள். தன் பகுதிகளைச் செந்தமிழிலும் அம்மாயியின் பகுதிகளை அவர் பேசியவாறும் அமைத்தாள். நிலையத்துக் காட்சி வந்ததும், 'அங்க ஒண்ணு நடந்திச்சி. அது என்னோடயே இருக்கட்டும்' என்று அம்மாயி சொன்னதாக ஒரு வரி. அடுத்த பந்தியில் வண்டி புறப்பட்டுவிடுகிறது. போட்டியில் அதற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் வாசகருக்குத் தெரிவித்துவிடுகிறோம்.

அனுப்புவதற்கு முதல்நாள் மாலை அவள் அதனை வாசித்துக் காட்டியபோது நாமும் உடனிருந்தோம். மூதாட்டி வெற்றிலை மடித்த கையோடு ஆடாமல் அசையாமற் கேட்டிருந்தார். அந்த ஒரு வரியில் பேத்தியின் குரல் தடுமாறிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "எல்லாம் சரியா இருக்கு தாயி. அண்ணென் கொண்டு போன தகரப் பெட்டி மட்டும் நீலம்னு போட்டிருக்க. அது பச்ச" என்றார். மாணவி பேனாவை எடுத்து, நீலத்தை வெட்டிவிட்டுப் பச்சை என்று எழுதினாள்.